வாய் அசையாத நேரங்கள்

படத்திலிருந்த பையனின் வாய் அசைந்தது. குரல் வரவில்லை. இருட்டாக்கிய அறைக்குள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்த பிள்ளைகள் எல்லாரும் ரீவியை விட்டுவிட்டுக் கதவுப் பக்கம் திரும்பினோம். அந்தப் பையனின் குரல் எப்போதும் கதவுப் பக்கத்திலிருந்துதான் வரும். அங்கே நின்றவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். படத்தில் செம்பட்டைத் தலைமயிரோடு அந்தப் பையன் எதையோ சொல்லிக்கொண்டே இருந்தான், வாயைத் திறந்து, மூடி, மறுபடி திறந்து. எனக்கு முன்னால் அக்கா இருந்தாள். அவளுடைய பின்கழுத்து வியர்த்திருந்தது. இப்போதெல்லாம் எனக்கு அடுப்பில் பால் வைத்ததுகூட மறந்துபோகிறது. அந்த வாய் மட்டும் மறக்க மாட்டேன் என்கிறது.

என் மகளுக்குப் பதினைந்து வயது. ஜப்பான்காரரின் காதல் கார்ட்டூன்களில் விழுந்து கிடக்கிறாள். கார்ட்டூன் என்று சொன்னால் மூஞ்சி நீளும், அனிமே என்று சொல்ல வேண்டும். பள்ளிக்கூடச் சீருடையில் இரண்டு பிள்ளைகள் ஒரு கரையோர றோட்டால் நடந்து போவார்கள், ஒருத்தரை ஒருத்தர் விரும்புவார்கள், அதைச் சொல்லாமல் அழுவார்கள். இவளும் சேர்ந்து அழுவாள். ஒரு வாய் சோறு தின்னக் கூப்பிட்டால், "உங்களுக்கு உதொண்டும் விளங்காது அம்மா" என்பாள். இவள் பிறப்பதற்கு எத்தனையோ வருடங்களுக்கு முதல், தொண்ணூறுகளின் நடுவில், கரண்ட் என்ற ஒன்றே இல்லாத ஸ்கந்தபுரத்தில், எங்கள் வீட்டு நடு அறையில் இருந்து இதே அழுகையை நான் பார்த்திருக்கிறேன் என்று சொன்னால் நம்பவா போகிறாள்.

அது வந்த கதையே ஒரு வேடிக்கை. யாழ்ப்பாணத்திலிருந்து சனம் எல்லாம் இடம்பெயர்ந்து வன்னிக்கு வந்தபோது, அம்மாவின் தங்கையான எங்கள் சின்னம்மாவும் ஒரு சூட்கேசோடு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தா. நகையை விட்டுவிட்டு வந்திருந்தா, நல்ல சேலைகளை விட்டுவிட்டு வந்திருந்தா, ஆனால் ஒரு வீடியோக் கசெற்றைத் துவாயில் சுற்றிக் கொண்டுவந்திருந்தா. ஜேர்மனியில் இருந்த அவவின் ஒரே மகனின் கல்யாணக் கசெற். தாய் இல்லாமல் நடந்த கல்யாணம். அதை நேரே பார்க்கக் கொடுத்துவைக்காத மனுசி, இடம்பெயர்ந்து அங்குமிங்குமாக இருந்த சொந்தக்காரர் யார் வந்தாலும் அதைப் போட்டுக் காட்ட வேண்டும் என்று நிற்பா. அந்த அண்ணா கொஞ்சம் கைச்சுருக்கமான ஆள். புதுக் கசெற் வாங்க மனம் வராமல், ரீவியிலிருந்து ஏதோ பதிந்து வைத்திருந்த பழைய கசெற்றின் மேலேயே கல்யாணத்தை ஏற்றி அனுப்பியிருந்தார். தாலி கட்டி, அறுகரிசி போட்டு, சனம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ரீவி ஒரு தரம் நடுங்கும். கல்யாணம் மறைந்து, கீழே கிடந்த கார்ட்டூன் நடுவிலிருந்து எழும்பி வரும்.

அதற்குத் தலையும் இல்லை, வாலும் இல்லை. நீலமும் வெள்ளையுமாய்ச் சீருடை போட்ட, மயிரைக் கட்டையாக வெட்டிய ஒரு பெண். செம்பட்டைத் தலையோடு ஒரு பையன். இரண்டு பேரும் கடலோரமாக வீட்டுக்குப் போவார்கள். மழை வரும், ஒரு குடைக்குள் நிற்பார்கள். பையன் வேறு ஊருக்குப் போகப் போகிறான் என்பது மட்டும் எங்களுக்கும் பிடிபட்டது, பெட்டி கட்டுகிற மனிதரை அடையாளம் காண வன்னிப் பிள்ளைக்குப் பாஷை தேவையா? கடைசியில் ரயில் வந்து நிற்கும். பெண் ஓடி வருவாள், ஏதோ சொல்ல வாயைத் திறப்பாள். அத்தோடு கசெற் முடிந்து ரீவி முழுக்கப் புள்ளி விழும். எங்களில் பாதிப் பேர் ரயிலையே கண்டதில்லை. கிளிநொச்சி ஸ்டேஷனுக்கு ரயில் வருவது நின்று, தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டையும் பங்கர்களுக்குக் கூரை போடப் போய்விட்டிருந்தன. பேசினது ஜேர்மன் மொழியில். அதனால் அது ஜேர்மனிதான் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே வரவில்லை. ஜப்பான் என்பது இப்போது மகள் புண்ணியத்தில் தெரிந்துகொண்டது. சின்னம்மா ரீவிக்குக் கிட்டப் போய் இருந்து, "உந்த றோட்டாலைதானடி அண்ணா வேலைக்குப் போறவன்" என்பா. இளஞ்சிவப்புப் பூக்கள் உதிர்வதைப் பார்த்து, அங்கேயும் வேம்பு பூத்துக் கொட்டுகிறது, கூட்டத்தான் ஆள் இல்லை என்று கவலைப்படுவா. மகன் எந்தக் கடையில் சாமான் வாங்குவான், எந்தப் பாலத்தால் நடப்பான் என்று கீறிய படத்துக்குள் தேடிக்கொண்டே இருப்பா. நாங்கள் சிரிப்போம். இப்போது நினைத்தால் சிரிப்பு வரவில்லை.

குரல் கொடுக்கத் தொடங்கியது என் அக்கா. எனக்கு ஐந்து வயது மூத்தவள், அப்போது பதினேழு. விளங்காத மொழியைக் கேட்டு அலுத்துப்போன பிள்ளைகள் கத்தத் தொடங்கியதும், ரீவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, "வாயை மூடிக்கொண்டு பாருங்கோ, நான் சொல்லுறன்" என்றாள். பெண்ணுக்கு மதி என்று பெயர் வைத்தாள். பையனைச் சின்னதுகள் செம்பட்டைத் தலையன் என்று கூப்பிட, அவள் அதைக் கொஞ்சம் கௌரவப்படுத்திச் செம்பியன் ஆக்கினாள். அதன் பிறகு அவர்கள் இரண்டு பேரும் எங்கள் பேச்சைப் பேசினார்கள். மழைக்குள் நின்ற மதி, "என்ன செம்பியன், குடை வாங்க உங்கடை வீட்டிலை வக்கில்லையோ?" என்று கேட்டாள். அக்காவுக்கு நாக்கு நீளம். எந்த வாய் எப்போது திறக்கும், எப்போது மூடும் என்பது இரண்டு மூன்று தரம் பார்த்ததும் அவளுக்குப் பாடமாகிவிட்டது. சொல் வாய்க்குள் சரியாகப் போய் இருந்தது. கல்யாணம் முடியும் மட்டும் மரியாதைக்கு இருந்துவிட்டு, அதற்குப் பிறகுதான் பிள்ளைகள் உசாராவார்கள்.

ரீவியும் டெக்கும் ஜெனரேற்றரும் சந்திக் கடையொன்றுக்குச் சொந்தம். அவற்றைச் சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்து இயக்குகிறவரை நாங்கள் எஞ்சின் அண்ணா என்போம். பத்தொன்பது இருபது வயது இருக்கும். நாயாற்றுக் கரையோரத்து வேதக்கார, கத்தோலிக்க வீடு. ஊரைவிட்டு எழும்பி இரண்டு மூன்று இடம் மாறி, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கொட்டில் போட்டிருந்தார்கள். கடலில் கிடந்த குடும்பம், வயல் ஊரில் என்ன செய்யும்? தமையன் கூலிக்குப் போனார், இவர் எஞ்சின் பார்த்தார். சொட்டுப் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெய்க்கு மாற்றுவதில் கெட்டிக்காரர். சத்தம் கேட்காமல் இருக்க வாழைகளுக்குப் பின்னால் குழி வெட்டி அதற்குள் எஞ்சினை வைப்பார். வெளிச்சம் மங்கினால் ஓடிப்போய்ப் பார்க்க வேண்டும் என்பதால் அறைக்குள் வர மாட்டார், கதவு நிலையில் சாய்ந்துகொண்டு நிற்பார். உப்பிலும் வெய்யிலிலும் கிடந்து அவருடைய தலைமயிரும் செம்பட்டை. அக்கா அந்தப் பையனுக்கு வைத்த பெயர் உண்மையில் யாரைப் பார்த்து வைத்தது என்று பன்னிரண்டு வயதில் எனக்கு விளங்கவில்லை. அதற்காக என்னை மக்கு என்று நினைக்க வேண்டாம், அம்மாவுக்கே விளங்கவில்லை.

ஒருநாள் அக்காவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. பெண்ணுக்குக் குரல் கொடுத்துவிட்டு, பையனுக்கு வரும்போது இருமினாள். பிள்ளைகள் ஊளையிட்டார்கள். அப்போதுதான் கதவடியிலிருந்து முதல் தரம் அந்தக் குரல் வந்தது. "மதி, கொஞ்சம் நில்லும். நானும் அந்தப் பக்கந்தான் வாறன்." ஊர்த் திருநாளில் கூத்தாடின குரலாம், பிறகு சின்னம்மா விசாரித்துச் சொன்னா. எல்லாரும் கதவுப் பக்கம் திரும்பினோம். அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. ரீவியைப் பார்த்தபடி, கட்டின தொண்டையோடு, "வாறதெண்டா வாருமன், றோட்டு எங்கடை அப்பு வீட்டுச் சொத்தே?" என்றாள். அன்றிலிருந்து செம்பியன் கதவடியிலும் மதி நடு அறையிலும் இருந்து பேசினார்கள்.

இந்த வகைப் படங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நடுவில் கதையே நின்றுவிடும். வானம் மட்டும் வரும். மின்கம்பி, அதில் ஒரு காகம். கடல். யாரும் பேச மாட்டார்கள், அப்படியே நெடுநேரம் போகும். மற்ற ஆட்களாக இருந்தால் அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பார்கள். இவர்கள் இரண்டு பேருக்கும் அந்த இடத்தில்தான் கதை கூடும். பிள்ளைகள் விடுவார்களா? "அக்கா, வாய் அசையேல்லை! வாய் அசையேல்லை!" என்று கத்துவோம். "உது மனசுக்குள்ளை கதைக்கிறது. மனசுக்கு வாய் வேணுமே? சும்மா இருங்கோ" என்று அதட்டுவாள். பிறகு வானத்துக்குக் கீழே செம்பியன் சொல்லுவான், இந்த நேரம் களப்பிலே இறால் பிடிக்கிறவர்கள் இறங்கியிருப்பார்கள் என்று. இறால் தின்றால் தனக்கு உடம்பெல்லாம் கடிக்கும் என்பாள் மதி.

"அப்ப உமக்கு மீன் கொண்டு வாறன்."

"வெள்ளிக்கிழமையில கொண்டு வந்திடாதையும். எங்கடை வீட்டிலை மச்சம் புழங்கிறேல்லை."

"எங்களுக்கும் வெள்ளிக்கிழமை மச்சம் இல்லை. வேறை என்ன நாளிலை நாங்கள் ஒத்துப் போறம் எண்டு யோசிச்சுச் சொல்லும்."

ஜேர்மனியிலும் வெள்ளிக்கிழமை சைவமா என்று ஒரு சின்னப்பிள்ளை சின்னம்மாவிடம் கேட்டது. சின்னம்மா யோசித்துவிட்டு, இருக்கும், நல்ல சனம், என்றா. ஒரு இந்து வீட்டுப் பெண்ணும் ஒரு வேதக்காரப் பையனும் ஊருக்கு முன்னால் இருந்து கல்யாணப் பேச்சுப் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்பது அங்கே ஒருத்தருக்கும் பிடிபடவில்லை. படத்துக்கு வெளியே இரண்டு பேரும் ஒரு சொல் பேசி நான் கண்டதில்லை. கிணற்றடியில் எதிர்ப்பட்டால் அக்கா தண்ணி அள்ளும் பட்டையைப் பார்ப்பாள், அவர் சைக்கிள் செயினைப் பார்ப்பார். ஆனால் அவர் வரும் நாளில் அக்கா இரண்டு தரம் தலை இழுப்பாள். மூன்றாம் தரமும் சீப்பை எடுத்தபோதுதான் எனக்கு ஏதோ மணந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை. அவர்கள் பேசுவதைக் கேட்க எனக்கு ஆசையாக இருந்தது. அதைவிட நல்ல காதல் கதையை நான் அதற்குப் பிறகும் கேட்டதில்லை.

அம்மாவுக்குக் கல்யாணப் பகுதி மட்டும்தான் வேண்டும். கார்ட்டூன் தொடங்கியதும் முந்தானையை உதறிக்கொண்டு குசினிக்குப் போய்விடுவா. அந்த நாட்களில் பெண்பிள்ளை வைத்திருந்த எல்லா அம்மாக்களையும் போல அவவுக்கும் இரண்டு பயம் இருந்தது. பிள்ளை இயக்கத்தில் சேர்ந்து சண்டைக்குப் போய்விடுவாளோ என்பது ஒன்று, யாரோடாவது போய்விடுவாளோ என்பது மற்றது. இரண்டுக்கும் ஒரே மருந்து கல்யாணம் என்று நெடுங்கேணிப் பக்கத்தில் ஒரு மாப்பிள்ளையைப் பார்த்துச் சாதகமும் பொருத்தி வைத்திருந்தா. அக்காவுக்கு அது தெரியும். எஞ்சின் அண்ணாவுக்கும் தெரிந்துவிட்டது, படத்தில் மழை பெய்து இரண்டு பேரும் ஒரு குடைக்குள் நின்றபோது மதி அதைச் சொல்லிவிட்டாள்.

அந்தப் பின்னேரம் எப்போதும் போலத்தான் தொடங்கியது. சாக்கு கட்டி யன்னலை மறைத்து, பாய் விரித்து, கல்யாணம் முடிந்து, கார்ட்டூன் எழும்பியது. எஞ்சின் அண்ணா வழமையை விடக் குறைவாகப் பேசினார். வானம் வந்தது. மின்கம்பி வந்தது. அப்போது அவர் கூத்துக் குரலை விட்டுவிட்டுத் தன் சொந்தக் குரலில் சொன்னார்: "மதி, என்னோடை படிச்சவங்கள் எல்லாரும் போட்டாங்கள். தெருவாலை போகேக்கை என்னைத்தான் பாக்கினம். போறதோ நிக்கிறதோ எண்டு எனக்குத் தெரியேல்லை. நீர் ஒரு சொல்லுச் சொல்லும். நீர் என்ன சொல்லுறீரோ அதுதான்."

பிள்ளைகளுக்கு இது படத்தில் வரும் ஊர் மாற்றம்தான். அக்கா தலையை நிமிர்த்தினாள். அவள் சொல்ல வாய் எடுத்தது பின்னால் இருந்த எனக்கே தெரிந்தது, தோள் இரண்டும் உயர்ந்தன. அந்த நேரம் பார்த்துச் சின்னம்மாவுக்குத் தேத்தண்ணியோடு அம்மா உள்ளே வந்தா. எப்போதும் வராத அம்மா. வந்தவ போகாமல், பேணியைக் கையில் வைத்துக்கொண்டு, "என்னடி, என்ன கேக்கிறான் உந்தப் பெடியன்?" என்று ரீவியைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டா.

அக்கா சிரித்தாள். குரலைக் கீச்சென்று மாற்றிக்கொண்டு, பிள்ளைகளைச் சிரிக்கப்பண்ணும் அவளுடைய கோமாளிக் குரலில் சொன்னாள்: "போறதெண்டாப் போமன்! நான் என்ன உம்மைக் கயித்தாலையே கட்டி வைச்சிருக்கிறன்?"

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தா, இவளுடைய வாய்க்கு யார்தான் மாப்பிள்ளை வருவானோ என்றா. படத்தில் வானம் முடிந்து பையனுடைய முகம் வந்தது. அவன் வாயைத் திறந்தான். குரல் வரவில்லை. அதைத்தான் முதலில் சொன்னேன்.

கசெற் முடிந்ததும் எஞ்சின் அண்ணா வாழைக்குப் பின்னால் போய் எஞ்சினை நிறுத்தினார். வயரைச் சுற்றினார். எல்லாவற்றையும் சைக்கிளில் கட்டினார். "அப்ப வாறன் மாமி" என்று சின்னம்மாவிடம் சொல்லிக்கொண்டு போனார். அக்கா குசினிக்குள் போய் நின்றுகொண்டாள். அடுத்த முறை வரும்போது அம்மா இல்லாத நேரமாகப் பார்த்துச் சொல்லலாம், அடுத்த முறையும் அதே வானம் வரத்தானே போகிறது, என்று அவள் நினைத்திருக்கிறாள். இதைப் பின்னாளில் அவளே என்னிடம் சொன்னாள். படம் திரும்பத் திரும்பப் போடுகிற வீட்டில் வளர்ந்தவள் அல்லவா?

அடுத்த முறை ஜெனரேற்றரோடு வந்தது வேறொரு ஆள். "அந்தப் பெடியன் போட்டானாம்" என்று சின்னம்மா குசினி வாசலில் நின்று சொன்னா. அந்த நாளில் ஒரு பெடியன் போய்விட்டான் என்றால் எங்கே என்று யாரும் கேட்பதில்லை, போவதற்கு ஒரு இடம்தான் இருந்தது. அக்கா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். பூ முடிந்து சிரட்டை தெரிந்த பிறகும் துருவிக்கொண்டே இருந்தாள், மண்ணிறமாக விழுந்தது. அம்மா, "கண்ணை எங்கை வைச்சிருக்கிறாய்?" என்று ஏசினா. அதன் பிறகு அக்கா எந்தப் படத்துக்கும் குரல் கொடுக்கவில்லை. பிள்ளைகள் கெஞ்சினார்கள், நான் கெஞ்சினேன். மதியும் செம்பியனும் திரும்ப ஜேர்மன்காரர் ஆனார்கள்.

அடுத்த அறுவடைக் காலம். நானும் அக்காவும் றோட்டோரம் பாய் போட்டு நெல் காயவைத்துக்கொண்டிருந்தோம். ஒலிபெருக்கி கட்டிய வாகனம் ஒன்று மெதுவாக வந்தது. அந்த வாகனம் எதற்கு வரும் என்பது வன்னியில் கைக்குழந்தைக்கும் தெரியும். சண்டையில் இறந்தவரின் பெயரைச் சொல்லிக்கொண்டு வரும். போனவர்களுக்கு அங்கே வேறு பெயர், அந்தப் பெயரைத்தான் முதலில் சொல்வார்கள். செம்பியன் என்று சொன்னார்கள். பிறகு வீட்டில் வைத்த பெயர், தகப்பன் பெயர், நாயாறு. அக்கா நெல்லைக் காலால் துழாவிக்கொண்டு பாயின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போனாள், திரும்பி வந்தாள். "என்ன பேர் சொன்னவங்கள்?" என்று கேட்டாள். நான் சொன்னேன். "ம்" என்றுவிட்டு மறுபடி துழாவப் போனாள். அவள் போ என்று சொல்லிக் கேட்டவர், போகும்போது அவள் வைத்த பெயரை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். அது கோபமா, அன்பா, என்ன கணக்கில் அதைச் சேர்ப்பது? நான் பன்னிரண்டு பதின்மூன்று வயதில் தொடங்கி இன்றுவரை யோசிக்கிறேன். பேய் என்று ஒன்று இருந்தால் அது வெள்ளைச் சேலையோடு வராது, ஒரு பெயராகத்தான் வரும் என்று நினைக்கிறேன்.

நெடுங்கேணிக் கல்யாணம் நடந்தது. அத்தான் நல்ல மனுசன், குறை சொல்ல முடியாது. பிறகு வன்னியில் நடந்ததெல்லாம் உலகத்துக்குத் தெரியும், அதை எழுத எனக்கு இப்போது தைரியம் இல்லை. எல்லாம் முடிந்து சனம் திரும்ப ஊர்களுக்குப் போனபோது, எஞ்சின் அண்ணாவின் தாய் உயிரோடு நாயாற்றுக்குத் திரும்பியிருக்கிறா என்று அக்கா எப்படியோ அறிந்துகொண்டாள். அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும் அவர்களின் கோயில் திருநாளுக்குப் போவாள். எங்கள் வயல் அரிசி ஒரு பை கொண்டுபோவாள். அந்த அம்மா கருவாடு கட்டித் தருவா. நானும் சில வருடம் போயிருக்கிறேன். முன்பு ஸ்கந்தபுரத்தில் பக்கத்தில் இருந்த பிள்ளைகள் என்று சொல்லிக்கொண்டோம். மழை, நெல், இறால் விலை எல்லாம் பேசுவோம். மகனைப் பற்றி அவவும் பேச மாட்டா, அக்காவும் பேச மாட்டாள். சுவரில் புருசனின் படம் இருந்தது, கடைசிச் சண்டையில் செத்துப்போன மூத்த மகனின் படம் இருந்தது. இவருடைய படம் இல்லை. எரிந்து போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

போன மாதம் அக்கா கிளிநொச்சியில் என் வீட்டுக்கு வந்து நின்றாள். மகள் வழக்கம்போலப் போனுக்குள் தலையை விட்டுக்கொண்டு இருந்தவள், திடீரென்று அதை நிறுத்தினாள்.

"பெரியம்மா, இவளுக்கு அவனிலை விருப்பம். அவனும் கேட்டிட்டான். இவள் பகிடி விட்டுக்கொண்டு நிக்கிறாள். ஏன் உப்பிடி?"

"பக்கத்திலை தாய் நிண்டிருப்பா" என்றாள் அக்கா, படத்தைப் பார்க்காமலே.

"ஒருத்தரும் இல்லைப் பெரியம்மா. றோட்டிலை தனிய நிக்கினம். இங்கை பாருங்கோ."

அக்கா போனை வாங்கிப் பார்த்தாள். வெறும் றோட்டு, மின்கம்பி, வானம். நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். மகள் பயந்துபோய் என்னைப் பார்த்தாள். போனைத் திருப்பிக் கொடுக்கும்போது, "ஓம், ஒருத்தரும் இல்லை" என்று மட்டும் சொன்னாள். விடியக் காலமை, திருநாளும் இல்லை ஒன்றும் இல்லை, நாயாற்றுக்குப் போய் வருவோம் வா என்று வெளிக்கிட்டு நின்றாள்.

பஸ் எடுத்துப் போனோம். இறங்கி நடக்கும்போது, அரிசி கொண்டுவர மறந்துபோனேன் என்றாள். அந்த அம்மா வீட்டு விறாந்தையில் சுளகோடு இருந்து இறால் உடைத்துக்கொண்டிருந்தா. எங்களைக் கண்டதும், "என்ன பிள்ளையள், நாளில்லா நாளிலை?" என்றா. அக்கா கதிரையில் இருக்கவில்லை. அவவுக்கு முன்னால் நிலத்தில் இருந்தாள்.

"அம்மா, உங்கடை சின்ன மகன் போறதுக்கு முதல் என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டவர்."

அந்த அம்மாவின் கை நின்றுவிட்டது. "தெரியும் பிள்ளை" என்றா. "கேக்கப் போறன் எண்டு எனக்குச் சொல்லிப்போட்டுத்தான் வந்தவன். அவள் நில் எண்டு சொன்னா நான் நிப்பன் அம்மா எண்டவன். நீ அப்பிடிச் சொல்ல வேணும் எண்டு நான் அண்டைக்கு முழுக்கச் செபமாலையோடை இருந்தனான். நீதான் அந்தப் பிள்ளை எண்டது நீ முதல் வருசம் வந்து நிண்ட நிலையிலையே எனக்குத் தெரியும்."

"நான் நில் எண்டு சொல்லேல்லை அம்மா." அக்கா சொல்லிக்கொண்டே போனாள். "சொல்லத்தான் இருந்தனான். என்ரை அம்மா வந்து நிண்டிட்டா. பயத்திலை பகிடியாப் போமன் எண்டிட்டன். எல்லாரும் சிரிச்சவை. அவர் போட்டார்."

அந்த அம்மா சுளகை மெல்ல ஒரு பக்கம் வைத்தா. அக்காவை அடிக்கப் போகிறாவோ, கட்டிப்பிடிக்கப் போகிறாவோ என்று எனக்குத் தெரியவில்லை. அவ எங்கள் இரண்டு பேரையும் பார்க்கவில்லை, முற்றத்து மணலைப் பார்த்துக்கொண்டு பேசினா.

"அப்ப அவன் உன்ரை சொல்லைக் கேட்டுத்தான் போயிருக்கிறான். நீ நில் எண்டு சொல்லியும் கேளாமல் போட்டான் எண்டுதான் நான் நினைச்சிருந்தனான். எந்தப் பெட்டை போ எண்டு சொல்லுவாள்? பெத்தவளுக்குப் பொய் சொல்லிப்போட்டுப் போட்டான் எண்டு அவனிலை எனக்குச் சரியான கோவம் பிள்ளை. தேப்பன்ரை ஆத்துமத்துக்கு வருசா வருசம் பூசை ஒப்புக்குடுக்கிறன். தமையனுக்குக் குடுக்கிறன். இவனுக்கு நான் இண்டு வரைக்கும் ஒண்டு குடுக்கேல்லை. படத்தைக்கூட அலுமாரிக்கு அடியிலைதான் போட்டு வைச்சிருக்கிறன்."

அவ எழும்பிக் கிணற்றடிக்குப் போய்க் கையைக் கழுவினா. நல்ல சேலை ஒன்றைச் சுற்றிக்கொண்டு வந்தா. அக்கா இருந்த இடத்திலேயே இருந்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை, அது எனக்குத்தான் வந்துகொண்டிருந்தது.

"அம்மா, என்னிலை கோவமோ?" என்று கேட்டாள். நாற்பத்தைந்து வயதுக்காரி பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் கேட்டாள்.

"கோவம் இல்லாமல்?" என்றா அந்த அம்மா. "எனக்கு இண்டைக்குத்தானே தெரியும். இத்தனை வருசமும் அவனோடை கோவிச்சன், இனித்தான் உன்னோடை கோவிக்கத் தொடங்க வேணும். அதுக்கு நீ வந்து போகத்தானே வேணும்." செருப்பைத் தேடிக் காலில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றா. "எழும்பு பிள்ளை. பங்குச் சுவாமி வெளியிலை போறதுக்கு முதல் போய்ப் பூசைக்குச் சொல்லிப்போட்டு வருவம். ஆர் ஒப்புக்குடுக்கிற பூசை எண்டு கேப்பார். நீ உன்ரை வாயாலை சொல்லு."